ஒரே ஒரு ‘போ’

மகள் பின்வாங்கிக்கொண்டே இருந்தாள். பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு என்று சமமாக நின்றுவிட்ட வாள்வீச்சில், முதல் புள்ளி எடுப்பவருக்கே வெற்றி என்று கூடுதலாகக் கொடுத்த ஒரே ஒரு நிமிடத்தில், வாளை நீட்டியபடி ஓரடி ஓரடியாகப் பின்னால் போனாள். பார்வையாளர் வரிசையில் அப்பா இருக்கை நுனிக்கு நகர்ந்தார்.

அவர் பேருந்து ஓட்டுநர். இந்த ஆட்டத்தில் ஜெயித்தால் மகளுக்கு விளையாட்டுக் கல்லூரியில் இடம். தோற்றால் அடுத்த வருடம் வயது வரம்பு தாண்டிவிடும், அத்தோடு சரி. மூன்று வருடப் பாடு இந்த அறுபது விநாடியில் வந்து மாட்டிக்கொண்டிருந்தது.

வாள்வீச்சின் சட்டதிட்டங்கள் அவருக்கு முழுதாகப் பிடிபடவில்லை. பிடிபட்டது ஒன்றே ஒன்று. இரண்டு பேர் வாளும் ஒரே நேரத்தில் பட்டு இரண்டு பக்கமும் விளக்கு எரிந்தால், முதலில் பாயத் தொடங்கியவருக்குத்தான் புள்ளி. மகள் இதைச் சொன்ன அன்று, நாற்சந்தியில் முதலில் நுழைந்தவனுக்கு வழி விடுகிற மாதிரி, அவ்வளவுதானே என்று கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

அன்றிலிருந்து வேலைக்குக் கிளம்புமுன் தினமும் குடியிருப்பின் நடைகூடத்தில் பயிற்சி. அவர் துடைப்பக் கட்டையை நீட்டிக்கொண்டு நின்று “போ” என்பார், மகள் பாய்வாள். ஒரு நாளைக்கு இருநூறு தடவை. போகப் போக, அந்தச் சொல் காதில் விழுந்ததுமே மூளையைக் கேட்காமல் அவள் கால் கிளம்பியது. கடைக்குப் போ என்று அம்மா சொன்னால்கூடத் துள்ளுகிறாள் என்று வீட்டில் ஒரே சிரிப்பு.

இப்போது அவருக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த நிமிடம் தொடங்குமுன் நடுவர் ஏதோ பொத்தானை அழுத்த, புள்ளிப் பலகையில் மகள் பக்கம் சின்னதாக ஒரு மஞ்சள் விளக்கு எரிந்தது. ஆட்டத்தின் நடுவே ஏற்கெனவே அவளுக்கு ஒரு மஞ்சள் அட்டை காட்டியிருந்தார்கள். இதுவும் அப்படி ஏதோ தண்டனைதான் என்று அப்பா தலையில் கை வைத்துக்கொண்டார். பயிற்சியாளரோ கையைக் கட்டிக்கொண்டு சாவகாசமாக உட்கார்ந்திருந்தார். படுபாவி, கைகழுவிவிட்டான்.

நாற்பது விநாடி. முப்பது. எதிராளிப் பெண் துரத்தித் துரத்தி வந்தாள். மகள் விலகினாள், வந்த வாளைத் தட்டிவிட்டாள், மறுபடி விலகினாள். ஒரு தடவைகூடப் பாயவில்லை.

பயந்துவிட்டாள், என் குழந்தை பயந்துவிட்டாள் என்று அவர் முடிவே கட்டிவிட்டார். பார்வையாளர்கள் குரல் கொடுக்கக் கூடாது என்று காலையிலேயே அறிவித்திருந்தார்கள். வாயைத் திறக்க மாட்டேன் என்று வாசலில் வைத்து மகளும் அவரிடம் சத்தியம் வாங்கியிருந்தாள். இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டார்.

பத்து. எட்டு. ஆறு. எதிராளி கையை நீட்டியபடி மறுபடி வந்தாள். அதற்கு மேல் அவரால் முடியவில்லை.

“போ!”

அரங்கமே திரும்பிப் பார்த்தது. அதற்குள் மகளின் கால் கிளம்பிவிட்டது. இரண்டு வாளும் பட்டன, இரண்டு பக்கமும் விளக்கு எரிந்தது. நடுவர் ஆட்டத்தை நிறுத்தி, எதிராளி பக்கம் கையை நீட்டினார்.

அப்பாவால் குறை சொல்ல முடியவில்லை. முதலில் தொடங்கியது அந்தப் பெண்தான், அவருக்கே தெளிவாகத் தெரிந்தது. கடிகாரத்தில் நான்கு விநாடி மிச்சம் நின்றது.

உடை மாற்றும் அறைக்கு வெளியே, சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்திருந்தாள் மகள். முகக்கவசத்தைக்கூடக் கழற்றவில்லை. அப்பா பக்கத்தில் உட்கார்ந்து அவள் தோளைத் தொட்டார். அவருக்கும் அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

“அழாதேடா கண்ணு. பயந்து பின்னாடியே போய்த் தோத்திருந்தா எனக்கு மனசே ஆறாது. நீ பாய்ஞ்சுதான் தோத்தே. நான் குரல் கொடுத்ததும் ஒரு விதத்துல நல்லதாப் போச்சு.”

மகள் கையுறையைக் கழற்றினாள். பிறகு கவசத்துக்குள்ளிருந்தே கேட்டாள்.

“அப்பா, அந்த மஞ்சள் விளக்கு யார் பக்கம் எரிஞ்சுது?”

“உன் பக்கம்தான். என்ன தப்புக்கும்மா அது?”

“தப்புக்கு இல்லப்பா. அந்த நிமிஷமும் சமமாவே முடிஞ்சா யாருக்கு வெற்றின்னு, முன்னாடியே குலுக்கிப் போட்டு வைக்கற விளக்கு. நான் இன்னும் நாலே நாலு செகண்டு பின்னாடி போயிருந்தாப் போதும்.”