படத்துக்கு ஒரு கரண்டி

மழை இப்போதுதான் விட்டிருக்கிறது. பிலிப்பைன்ஸின் இலோய்லோ நகர மீன் சந்தைக்குப் பின்னால், தார்ப்பாயிலிருந்து சொட்டும் தண்ணீரில் வெயில் மினுங்குகிறது. மீன்காரிகள் நெனிட்டாவும் பெபாங்கும் கவிழ்த்த பெட்டியின் மேல் வாழையிலை விரித்து, கருவாட்டை மிளகாய் ஊறிய வினிகரில் தோய்த்து, சுடுசோற்றோடு கையால் அள்ளிச் சாப்பிடுகிறார்கள். பெபாங் ஏதோ சொல்லிச் சிரிக்க, நெனிட்டாவுக்குப் புரையேறுகிறது. ‘இன்றைய சின்னச் சந்தோஷம்’ என்று தினம் ஒரு படம் முகநூலில் போடும் ரொவேனா, சத்தமில்லாமல் கைபேசியை உயர்த்துகிறாள். இதற்கு இதயங்கள் குவியும் என்று அவளுக்குத் தெரியும்.

“வா கண்ணு, சாப்பிடலாம்!” வழியில் போகிற எவரையும் கூப்பிடுவதுபோல நெனிட்டா அவளையும் கூப்பிடுகிறாள். “இப்பத்தான் சாப்பிட்டேன்க்கா,” என்று எல்லோரும் சொல்லும் பொய்யையே ரொவேனாவும் சொல்கிறாள். கைபேசி மட்டும் இறங்கவில்லை. அதைக் கண்டதும் நெனிட்டாவின் கை சோற்றிலேயே நின்றுவிடுகிறது. “அடியே, படம் புடிக்குதுடி!” சிரிப்பு அடங்குகிறது. பெபாங் கருவாட்டை இலைக்கு அடியில் தள்ளுகிறாள். பக்கத்துக் கடையிலிருந்து கரண்டியும் முள்கரண்டியும் வருகின்றன. இருவரும் கையைப் பாவாடையில் துடைத்து, விருந்துக்குப் போனவர்கள்போல நிமிர்ந்து உட்கார்ந்து, வெறும் சோற்றைக் கரண்டியால் எடுக்கிறார்கள். வீட்டில் ரொவேனாவும் கையால்தான் சாப்பிடுகிறாள். அதைச் சொல்ல வாய் வரவில்லை. படத்துக்காக இவ்வளவு பாடுபட்டவர்களிடம் இப்போது வேண்டாம் என்பதெப்படி? காது சுட, படத்தை எடுக்கிறாள். கரண்டியை வாயருகே பிடித்தபடியே நெனிட்டா கேட்கிறாள்: “எடுத்தாச்சா கண்ணு? இனிமே கையால சாப்பிடலாமா?”