பச்சை எத்தனை கரண்டி

ஜோயல் கோப்பையை மூக்கருகே கொண்டுபோனான். கண்ணை மூடி ஒரு முறை முகர்ந்துவிட்டுக் கீழே வைத்தான். கிளெனிஸ் அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“வாசனை பிரமாதம்.”

“வாசனையை யாருடா கேட்டா? ஒரு வாய் குடிச்சுட்டுச் சொல்லு. கால் கரண்டி போதுமா, இன்னும் கொஞ்சம் பச்சை வேணுமா?”

மேசைமேல் ஜின் புட்டியும் வெர்முத் என்ற மூலிகை ஒயினும் நின்றன. பக்கத்திலேயே, மடத்துச் சாமியார்கள் மூலிகை போட்டுக் காய்ச்சுகிற பச்சை மது. நடுவே ஒரு மின்கட்டண உறையின் பின்புறத்தில் அவள் மகன் லாக்லனின் கோழிக் கிறுக்கல்: ஜின் நான்கு பங்கு, வெர்முத் அரைப் பங்கு, பனிக்கட்டியில் நாற்பது சுற்று, எலுமிச்சைத் தோல். பச்சை எவ்வளவு என்ற இடத்தில் மட்டும் ஈரம் பட்டு மை கலைந்திருந்தது.

ஹோபார்ட் துறைமுகத்து மதுக்கடையில் வேலை பார்த்த மகன், மார்ட்டினி என்ற கலவை மதுவைத் தன் பக்குவத்துக்கு மாற்ற இதே சமையலறையில் மாதக்கணக்கில் மல்லாடினான். கடைசி ஞாயிறு, “வந்துடுச்சும்மா, இதுதான்!” என்று கோப்பையை நீட்டினான். அவள் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள். “அடுத்த ஞாயிறு குடிக்கிறேன், போடா.”

திங்களும் செவ்வாயும் கடையில் எல்லோருக்கும் அதைக் கலந்து கொடுத்தான். புதன்கிழமை அவன் பைக்கில் மோதிய கார் நிற்காமல் போய்விட்டது. இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தான். அடுத்த ஞாயிறு அவனுக்கு வரவில்லை.

அவனுடையதையெல்லாம் கேட்டவர்களுக்குக் கொடுத்துவிட்டாள். இந்த உறையை மட்டும் தரவில்லை.

கடையும் மூடி, அங்கே இருந்தவர்கள் திசைக்கொருவராகப் போனபின் ஜோயல் ஒருவன்தான் தேடி வந்தான். எட்டு மாதத்துக்கு முன் பூங்கொத்தோடு வாசலில் நின்று, “லாக்லன் எனக்கு ரொம்பப் பெரிய உதவி செஞ்சிருக்கார்” என்றான். கடையில் கூட வேலை பார்த்தவன் போல என்று அவளே எண்ணிக்கொண்டாள். அன்றிலிருந்து ஞாயிறு தவறாமல் வருவான். லாக்லனைப் பற்றிய கதையைப் பத்தாம் தரம் சொன்னாலும் புதிதுபோலக் கேட்பான்.

ஆறு மணிக்கு ஜோயலின் போன் கூவியது. சட்டைப் பையிலிருந்து இரண்டு மாத்திரை எடுத்துத் தண்ணீரோடு விழுங்கினான்.

“முப்பது வயசுல மாத்திரை! அறுபத்தஞ்சுல நான் கல்லைத் தின்னு செரிக்கிறேன்.”

“உங்க சமையலையே செரிக்கிறீங்க. கல்லு எம்மாத்திரம்?”

அவள் சிரித்தபடி கோப்பையை மறுபடி அவன் பக்கம் நகர்த்தினாள். சிரிப்பு பாதியில் நின்றது.

“இன்னிக்கு அவன் பிறந்தநாள், கண்ணு. அவன் அன்னிக்கு நீட்டினது இதுதான்னு நீ சொல்லிட்டா, நானும் ஒரு வாய் குடிச்சிடுவேன். கடையில அதைக் குடிச்சுப் பார்த்தவங்கள்ல நீ ஒருத்தன்தானே மிச்சம்?”

ஜோயல் கோப்பையை எடுத்தான். உதடு வரை கொண்டுபோனான். ஒரு சொட்டு மேசையில் சிந்த, அப்படியே திரும்ப வைத்துவிட்டான்.

கிளெனிஸின் முகம் மாறியது. “நீ இதைக் குடிச்சதே இல்ல. அப்படித்தானே?”

“ஆமா.”

“அந்தக் கடையில வேலை பார்த்ததாவது...”

“இல்ல. லாக்லனை நான் பார்த்ததுகூட இல்ல.”

“அப்ப இந்த வீடு உனக்கு எப்படித் தெரியும்?”

“விபத்துச் செய்தி பேப்பர்ல வந்திருந்துது. தேதியை வச்சுத் தேடிக் கண்டுபிடிச்சேன்.”

நாற்காலி பின்னால் விழ, அவள் எழுந்தாள். எட்டு மாதம் தன் கையால் பரிமாறிய தட்டு இன்னும் அவன் முன்னால் இருந்தது.

“அந்தக் காரு... அது நீதானா?”

“ஐயோ, இல்ல!” அவன் பதறி எழுந்தான். கண்ணீர் தாடைவரை இறங்கியது. அவளுடைய கையைப் பிடித்துத் தன் வலது விலாவுக்குக் கீழே வைத்தான். சட்டைக்கு அடியில் நீளமாக ஒரு தழும்பு தட்டுப்பட்டது.

“குடிச்சா கெடப்போறது என் கல்லீரல் இல்ல, கிளெனிஸ். லாக்லனோடது.”