மின்சார வியர்வை

சேலம் ஜில்லாவின் வருங்காலச் சரித்திரக்காரர்கள் பேனாவை மையில் தோய்த்து வைத்துக்கொள்ளட்டும். சித்திரை மாதக் கத்திரி வெயிலில், உச்சிப்பொழுதில், மிட்டாதார் அர்த்தநாரி அவர்கள் மின்சாரத்தின் உதவியால் வியர்த்துக்கொண்டிருந்தார்.

ராசிபுரத்துக்கு மேற்கே அப்படி வியர்த்த முதல் மனிதர் அவர்தான். இரண்டாவது மனிதர் இன்றுவரை கிடைக்கவில்லை.

எல்லாம் ஒரு துரையால் வந்தது. தங்கள் சீமைப் பக்கத்தில் பெரிய மனிதர்கள் பலகை அறைக்குள் அனல் மூட்டி உட்கார்ந்து வியர்ப்பார்கள், தொப்பை கரையும், ரத்தம் சுத்தமாகும் என்று சேலத்துக் கிளப்பில் அவர் சொல்லிவிட்டார். மேட்டூரிலிருந்து ஊருக்குக் கரண்டுக் கம்பி வந்து சேர்ந்ததும், மிட்டாதார் வீட்டில் முதலில் மாட்டியது விளக்கல்ல. வியர்ப்பதற்கு அனல் மூட்டும் மின்சார அடுப்பு.

பட்டணத்துக் கம்பெனிக்காரன் மூன்று தினுசு காட்டினான். தனி ஆளுக்குச் சின்னது, குடும்பத்துக்கு நடுத்தரம், ஆஸ்பத்திரிக்குப் பெரியது. ஒரு ஆள் உட்காரும் அறைக்கு ஆஸ்பத்திரி அடுப்பு ஆகாது என்று சொல்லியும் பார்த்தான்.

மிட்டா என்பது சின்ன ஜமீன்தான் என்றாலும், மிட்டாதார் எதிலும் சின்னதை வாங்கிப் பழகாதவர்.

அடுப்பின் மேல் அடுக்க நாமக்கல்லிலிருந்து கல் வந்தது. பின்கட்டில் தேக்குப் பலகை அறை எழும்பியது, தகரக் கூரையோடு. அதற்கு அவர் ‘ஸ்வேத மந்திரம்’, அதாவது வியர்வை மாளிகை, என்று பெயர் வைத்தார். ஊர் ‘இட்லிச் சட்டி’ என்றது.

பெரிய மனிதன் தன் கையால் சுவிட்சுப் போடலாமா? அதனால் சுவிட்சு வெளியே. தன் கையால் கதவை இழுத்துச் சாத்தலாமா? அதனால் தாழ்ப்பாளும் வெளியே. இரண்டுக்கும் மனைவி சௌந்திரம் பொறுப்பு.

அடுப்பைத் துடைக்க உலர்ந்த துணி போதும் என்று கூட வந்த புத்தகம் சொன்னது. அது வெள்ளைக்காரன் சோம்பேறித்தனம் என்றார் மிட்டாதார். வெள்ளிக்கிழமைதோறும் பூஜைச் சாமான்களோடு அதையும் பளபளவென்று துலக்கி வைக்கும்படி பண்ணையாள் ரங்கனுக்கு உத்தரவு.

வந்து பார்த்தவர்கள் எல்லாரும் புகழ்ந்தார்கள், ஒருவனைத் தவிர. திருச்செங்கோட்டிலிருந்து வந்த சௌந்திரத்தின் தம்பி மயில்சாமி அறையைச் சுற்றிப் பார்த்துவிட்டு நிதானமாகக் கேட்டான்.

“ஏனுங்க மச்சான், இந்த வெய்யில்ல வேர்க்கறதுக்குக் கரண்டு எதுக்குங்க?”

அன்றோடு போக்குவரத்து அறுந்தது. மயில்சாமியின் கல்யாணத்துக்கு இந்த வீட்டிலிருந்து ஈ காக்கை போகக் கூடாது என்று மிட்டாதார் நாலு பேர் நடுவில் சொல்லிவிட்டார்.

இணைச்சீர் என்று ஒன்று உண்டு. மாப்பிள்ளையோடு கூடப் பிறந்தவள் அவன் பக்கத்தில் நின்று செய்ய வேண்டியது. மயில்சாமியோடு கூடப் பிறந்தவள் சௌந்திரம் ஒருத்திதான். நாளைக் காலையில் சீர். இன்று மத்தியானம் வண்டி கிளம்பினால்தான் உண்டு. அவள் கெஞ்சிப் பார்த்தாள், அழுது பார்த்தாள், சோறு தின்னாமல் கிடந்து பார்த்தாள். அவர் மீசையைத் தடவிக்கொண்டார்.

இன்றும் வழக்கம்போல் அவர் இடுப்புத் துண்டோடு உள்ளே போனார். சௌந்திரம் தாழ்ப்பாளைப் போட்டாள். சுவிட்சைப் போட்டாள். சுவிட்சுக்கு மேலே சிவப்பு விளக்கு எரிந்தது. கதவோரம் உட்கார்ந்து, புளியில் கொட்டை எடுக்க ஆரம்பித்தாள்.

கொஞ்ச நேரம் கழித்து, போதும் என்று உள்ளிருந்து குரல் வந்தது.

அவள் கொட்டை எடுத்தாள்.

கதவில் பதித்த கண்ணாடியில் மிட்டாதாரின் முகம் வந்து ஒட்டியது. மீசை இரண்டு பக்கமும் தொங்கிப்போயிருந்தது. இன்றைக்கு அனல் அதிகம் என்றார். இது ஆஸ்பத்திரி அடுப்பு, விளையாட்டில்லை என்றார். வெந்துபோனால் யார் பதில் சொல்வது என்றார். பிறகு ரங்கனைக் கூப்பிட்டார்.

ரங்கன் சுவிட்சைப் பார்த்தான். சௌந்திரத்தைப் பார்த்தான். தோளில் கிடந்த துண்டை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டான். உடம்பு குலுங்கியது, கண்ணில் நீர் வந்தது. எசமான்மேல் அவனுக்கு அவ்வளவு பாசம்.

சௌந்திரம் எழுந்து கண்ணாடியருகே வந்தாள்.

“ஏனுங்க, தம்பி கல்யாணத்துக்கு வண்டி பூட்டச் சொல்லட்டுங்களா?”

மயில்சாமி வந்து மன்னிப்புக் கேட்டால் யோசிக்கலாம் என்றது கண்ணாடி. அவள் திரும்பிப் போய்ப் புளிக்கு முன்னால் உட்கார்ந்தாள். சரி, மன்னிப்பு வேண்டாம், சீர்த்தட்டை மட்டும் ஆள் மூலம் அனுப்பலாம் என்றது. அவள் அடுத்த புளியை எடுத்தாள்.

உள்ளே மிட்டாவின் மானத்துக்கும் மிட்டாதாரின் உயிருக்கும் வழக்கு நடந்தது. தீர்ப்புக்கு அதிக நேரம் ஆகவில்லை.

“பூட்டச் சொல்லு புள்ளெ. ரங்கா, நீயே சாட்சி, நாஞ் சொல்லீட்டேன், அவ போயிட்டு வரட்டும். மொதல்ல அந்தக் கரண்ட நிறுத்து.”

அவள் சுவிட்சை அணைத்தாள். சிவப்பு விளக்கு அணைந்தது. கதவைத் திறந்தாள்.

மிட்டாதார் கிணற்றடிக்கு ஓடிக் குடம் குடமாகத் தலையில் ஊற்றிக்கொண்டார். மூச்சு வந்ததும் பேச்சும் வந்தது. மின்சாரத்தின் உக்கிரம் சாமானியமானதல்ல, வேறு ஆளாயிருந்தால் எலும்புதான் மிஞ்சியிருக்கும், தன் தேகமாக இருக்கக்கண்டு தாங்கியது, மயில்சாமி மாதிரி ஆட்களுக்கு இதெல்லாம் எங்கே விளங்கப்போகிறது என்று கிணற்றிடம் சொன்னார்.

கிணற்றைத் தவிர யாரும் இல்லை. காலையிலேயே பூட்டி வைத்திருந்த வண்டியில் சௌந்திரம் ஏறிவிட்டாள். ரங்கன் மாட்டை ஓட்டினான்.

போன வெள்ளிக்கிழமை புளி போட்டுத் துலக்கும்போது அடுப்புக் கம்பி ரங்கன் கையோடு அறுந்து வந்துவிட்டது. அழுதுகொண்டு வந்து நின்றவனிடம், கல்லை மேலே அடுக்கிவிட்டுப் பேசாமல் இருக்கச் சொன்னவள் சௌந்திரம்.

அன்று முதல் அந்த அடுப்பு சூடாகவே இல்லை.