மூடச் சொன்ன பள்ளம்

பந்து மணலில் விழுந்ததும் கிளப் தலைவரின் முகம் சுருங்கியது.

"பாத்தீங்களா? இத மூடிட்டு மறுவேலை பாருங்க" என்றார், கூட வந்த செயலாளரிடமும் பொருளாளரிடமும்.

கோல்ஃப் மைதானத்தில் புல்லும் மணலும் என் பொறுப்பு. கையில் முள்வாரியோடு ஓரமாக நின்றிருந்தேன். விளையாடுகிறவர்கள் இந்த மணல் தடையைப் பங்கர் என்பார்கள். வெட்டியவன் நான் என்பதால் எனக்கு இது பள்ளம்தான்.

வெட்டச் சொன்னது யார் என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. செயலாளர் சொன்னதாகத் தலைவர் நினைத்தார். தலைவர் சொன்னதாகச் செயலாளர் நினைத்தார். இருவருக்கும் பேச்சுவார்த்தை குறைவு. அது எனக்கு வசதியாகப் போயிற்று.

முன்பு இங்கே பாறையாக இறுகிய ஒரு மேடு இருந்தது. தலைவர் அடிக்கும் முதல் பந்து வலப்பக்கம் இழுத்துக்கொண்டு போய் அந்த மேட்டில்தான் விழும். நூற்றெழுபது கஜம், மாறவே மாறாது.

மேட்டை வெட்டி மணல் நிரப்பிய பிறகு பந்து இங்கேயே புதைந்துவிடும். மணலில் கிடக்கும் பந்தைத் தொலைவுக்கு அடிக்க வேண்டுமென்றால் மட்டை முதலில் பந்தைத் தொட வேண்டும். தலைவரின் மட்டை மணலைத் தொடும். மணல் பறக்கும், பந்து இரண்டடி நகரும். நான்கு முறை, ஐந்து முறை. கெட்ட வார்த்தைகளில் அவருக்கு இருந்த புலமை இங்கேதான் எனக்குத் தெரியவந்தது.

ஒரு மாதமாக இதை மூடிப் பழையபடி மேடாக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். முடிவெடுக்க இன்று மூவரும் வந்திருந்தார்கள்.

எனக்குப் பள்ளம் வேண்டும். அதனால் விடியும்போதே வந்து, பந்து வழக்கமாக விழும் இடத்தில் மட்டும் நான்கு வாளி தண்ணீர் ஊற்றி, பலகையால் தட்டி இறுக்கினேன். மேலே உலர்ந்த மணலைத் தூவி வாரிவிட்டேன். இனி பந்து புதையாது, மேலேயே உட்காரும். அடிப்பது சுலபம்.

ஒரு ஆபத்து உண்டு. இறுகிய மணலில் பட்ட பந்து எகிறலாம்.

கிளம்பும்போது மனைவியிடம் பதினோரு மணிவரை துணி காயப்போட வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

சற்றுமுன் பந்து விழுந்து ஒரு முறை எகிறியபோது நான் மதிலைப் பார்த்தேன். நல்லவேளை, பள்ளத்துக்குள்ளேயே அடங்கிவிட்டது.

"என்னப்பா, மூடிடலாமா?" என்று தலைவர் என்னைக் கேட்டார்.

"உங்க இஷ்டங்க சார். இந்த ஒண்ண அடிச்சுட்டுச் சொல்லுங்க."

இறங்கினார். கால்களை மணலில் ஊன்றினார். பந்து முழுசாக வெளியே தெரிவதைப் பார்த்துக் கொஞ்சம் யோசித்தார். அடித்தார்.

மணல் பறக்கவில்லை. பந்து உயர்ந்து போய்க் கொடிக்குப் பக்கத்தில் விழுந்து நின்றது.

தலைவரே வாயைப் பிளந்தார். முதலில் கைதட்டியது பொருளாளர். அது அவர் வேலைகளில் ஒன்று.

"இது இருக்கட்டும்யா" என்றார் தலைவர். "ஆடத் தெரிஞ்சவனுக்குத்தான் இதோட அருமை புரியும்."

பந்தைக் குழியில் தள்ளி முடித்ததும் அதை எடுத்துத் துடைத்து என்னிடம் கொடுத்தார். அடுத்தவர் பந்தோடு மாறிவிடாமல் இருக்க, அவர் பந்துகளில் எல்லாம் இரண்டு பச்சைப் புள்ளி வைத்திருப்பார்.

"ஞாபகமா வச்சுக்கோ."

"வீட்ல ஏற்கெனவே ஒண்ணு இருக்குங்க சார்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

பள்ளத்திலிருந்து முப்பதடியில் மதில். மதிலுக்கு அந்தப் பக்கம் இருக்கும் ஒரே வீடு எங்களுடையது. மேடு இருந்தவரை தலைவரின் பந்து அதில் பட்டு எகிறி எங்கள் பக்கம் வந்து விழும். சொன்னால் ஆட்டத்தை நிறுத்த மாட்டார்கள், எங்களைத்தான் காலி செய்யச் சொல்வார்கள். கோபம் இல்லாமல் இல்லை. காலையில் பலகையால் மணலை அடித்தபோது அது கொஞ்சம் தணிந்தது.

நான் வீட்டுக்குப் போனபோது மணி பதினொன்று தாண்டியிருந்தது. மனைவி மதிலோரம் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள், தலையில் என் மோட்டார் சைக்கிள் ஹெல்மெட்டோடு. பள்ளத்தை மூடப்போகிறார்கள் என்று நான் வந்து சொன்ன அன்று பரணிலிருந்து இறக்கியது அது.

வலப்பக்கம் நின்று கூப்பிட்டுப் பயனில்லை. அந்தக் காது இரண்டு வருடமாகக் கேட்பதில்லை. சுற்றிப்போய் இடப்பக்கம் நின்று பந்தை நீட்டினேன்.

வாங்கித் திருப்பிப் பார்த்தாள். துணிக் கிளிப் போட்டு வைக்கும் டப்பாவைத் திறந்து, இரண்டு பச்சைப் புள்ளி வைத்த இன்னொரு பந்துக்குப் பக்கத்தில் அதைப் போட்டாள்.

"அப்ப மூடலயா?"

"மூடல."

ஹெல்மெட்டைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டு, மீதித் துணியை உதறிப் போட்டாள்.