இன்னிக்கு யார் திருநாள்?

நைட் டூட்டி முடிந்து வந்த நர்ஸ் மருமகள் வாசலில் செருப்பைக்கூட இன்னும் கழற்றவில்லை. முக்காடும் செபப் புத்தகமுமாக எதிரே வந்து நின்றாள் மாமியார்.

"கழட்டாதே. இன்னிக்குத் திருநாள். பூசைக்குப் போகணும்."

வந்த கோபத்தை மருமகள் மென்று விழுங்கினாள். "இன்னிக்கு யாரு அத்தே?"

புத்தகத்துக்குள் மடித்து வைத்திருந்த சீட்டை மாமியார் லேசாகப் பிரித்துப் பார்த்தாள். "கோஸ்மாஸ், தமியான். அண்ணன் தம்பி. ரெண்டு பேருமே டாக்டருங்க."

"டாக்டருங்க கூடத்தான் ராத்திரி பூரா நின்னுட்டு வர்றேன்!"

"இவங்க திட்ட மாட்டாங்க. நட."

உள்ளேயிருந்து கணவன் கத்தினான். "வந்துட்டியா? என் சட்டை அயர்ன் பண்ணலையே!"

கூடவே சின்னவள். "அம்மா, சாக்ஸ் ஒண்ணுதான் இருக்கு!"

"நாங்க திருநாளுக்குப் போறோம்டா, நீயே பாத்துக்கோ" என்றாள் மாமியார்.

கோவில் காரியமாயிற்றே, அவனே அயர்ன் பாக்ஸைத் தேடப் போனான்.

போன வருஷம் வரைக்கும் இந்த வீட்டில் சூசையப்பர், அந்தோணியார், அன்னம்மாள், அவ்வளவுதான். இந்த வருஷம் மாமியாருக்கு என்ன வந்ததோ! தொண்டை வலிக்கு ஒருவர், பல் வலிக்கு ஒருவர், பிரயாணத்துக்கு ஒருவர் என்று பேரே கேள்விப்படாத புனிதர்கள் எல்லாம் வரிசை கட்டி வந்தார்கள். இவர்களுக்கெல்லாம் லீவே கிடையாதா?

சரி, மருமகள்தான் போய் ஒழுங்காகப் பூசை பார்க்கிறாளா என்றால் அதுவும் இல்லை. கடைசி பெஞ்சில் சுவரோரமாக உட்கார்ந்தால், முதல் வாசகம் முடிவதற்குள் கண் சொருகிவிடும். 'பூசையில் தூங்கினேன்' என்று பாவசங்கீர்த்தனத்தில் ஆறு தடவை சொல்லிப் பாவமன்னிப்பும் கேட்டாகிவிட்டது. சாமியாருக்கே அலுத்திருக்கும்.

'இனிமே என்னால முடியாது அத்தே, என்னை விட்டுடுங்க' என்று இன்றைக்குச் சொல்லியே விடுவது என்ற முடிவோடுதான் உட்கார்ந்தாள். வழக்கம்போல் தூங்கிப்போனாள்.

விழித்தபோது கோவிலில் ஈ காக்கை இல்லை. மெழுகுவர்த்திகளை அணைத்திருந்தார்கள். மணி ஒன்பதே கால். அவள் தலை மாமியாரின் தோளில் கிடந்தது. அந்தத் தோளை அசைக்காமல் மாமியார் செபமாலை உருட்டிக்கொண்டிருந்தாள்.

"ஐயோ அத்தே! பூசை முடிஞ்சு ரெண்டு மணி நேரம் ஆச்சே! எழுப்பக் கூடாதா?"

பதறி எழுந்ததில் செபப் புத்தகம் கீழே விழுந்தது. உள்ளேயிருந்த சீட்டும் விழுந்தது. இந்த மாசத்துக்கு இன்னும் எத்தனை புனிதர்கள் பாக்கி என்று பார்க்கலாமே என்று பிரித்தாள்.

ஒரு புனிதர் பேரும் அதில் இல்லை.

அது அவளுடைய ஆஸ்பத்திரி டூட்டி சார்ட். மாசா மாசம் ஃபிரிட்ஜ் கதவில் அவள் ஒட்டுவதும், மாசா மாசம் காணாமல் போவதுமான காகிதம். நைட் டூட்டி முடிந்து வருகிற தேதிகளுக்கு மட்டும் சிவப்பு பேனாவால் வட்டம் போட்டிருந்தது.

"அத்தே..."

"என்ன அத்தே? ராத்திரி பூரா முழிச்சிட்டு வர்றா, தூங்க விடுங்கடான்னு எத்தனை தடவை சொல்லியிருப்பேன்! வீட்டுல ஒருத்தர் காதுலயும் ஏறலை. திருநாள்னு சொன்னேன். இப்ப அவங்கவங்க சாக்ஸை அவங்கவங்களே தேடிக்கறாங்க."

மருமகள் சீட்டைப் புத்தகத்துக்குள் திரும்ப மடித்து வைத்தாள். சொல்ல வைத்திருந்ததெல்லாம் மறந்துபோனது.

"இன்னிக்கும் எனக்கு நைட்தான். நாளைக்குக் காலையில யாரு அத்தே?"

மரத்துப்போன தோளைத் தடவிக்கொண்டே மாமியார் சொன்னாள்.

"காலண்டரைப் பாத்தா யாராவது இருப்பாரு. வருஷம் பூரா புனிதருக்கா பஞ்சம்? நீ சாஞ்சுக்கோ."