எதிர் ஜன்னல்

"தலையக் குனிஞ்சுக்குங்க சார், ஈரத்துணி, சொட்டும்" என்றான் டெல்மோ. வீடுகளை வாடகைக்கு விடும் கம்பெனியின் ஆள் அவன்.

அடெலினோ குனியவில்லை. சந்தின் குறுக்கே கொடிகட்டி, சட்டைகளும் ஒரு பூப்போட்ட போர்வையும் தொங்கின. அடியில் நின்று ஆசையோடு அண்ணாந்து பார்த்தார். ஒரு சொட்டுகூட முகத்தில் விழவில்லை.

"யாரோ நல்லா முறுக்கிப் பிழிஞ்சிருக்காங்க. எங்கம்மாவும் இப்படித்தான்" என்றார்.

பிரான்சின் லியோன் நகரத்தில் முப்பத்து நாலு வருடம் கட்டடங்களுக்கு வண்ணம் அடித்துவிட்டு, சொந்த ஊரான போர்ச்சுகலின் போர்ட்டோவுக்குத் திரும்பியிருந்தார். பிறந்தது இதே மிராகாயா பகுதியில், டோரு நதியிலிருந்து நாலு சந்து தள்ளி. அந்த வீடு இப்போது ஓட்டலாகிவிட்டது.

டெல்மோ இரண்டாம் மாடிக் கதவைத் திறந்தான். கட்டில், மெத்தை, மேஜை, கரண்டி முதற்கொண்டு எல்லாம் இருந்தது. பெட்டியை வைத்த நிமிஷமே குடித்தனம் தொடங்கிவிடலாம். அடெலினோ எதையும் தொட்டுப் பார்க்கவில்லை.

"இந்தச் சந்துல ஆளுங்க இருக்காங்களா தம்பி?"

"என்ன சார் இப்படிக் கேக்குறீங்க? துணியப் பாத்தீங்கல்ல."

"எல்லா ஜன்னலும் மூடிக் கிடக்கே."

"வெயிலுக்கு மூடி வெச்சிருக்காங்க."

அடெலினோ நாற்காலியில் உட்கார்ந்தார். முன்பின் தெரியாத பையனிடம் சொல்லவேண்டிய விஷயமில்லை. ஆனாலும் சொன்னார்.

"பிரான்சுல நான் ஆஸ்பத்திரியில படுத்திருந்தப்போ என் சம்சாரம் ஜுடித் வீட்ல தனியா செத்துப்போனா. ஒம்பதாவது மாடி. மூணு நாள் ஒருத்தருக்கும் தெரியல. அதனாலதான் கேக்குறேன். ஒருநாள் காலையில என் ஜன்னல் திறக்கலேன்னா யாராவது வந்து கதவத் தட்டணும். எனக்கு வேற எதுவும் வேண்டாம்."

டெல்மோ வாயைத் திறப்பதற்குள் வெளியிலிருந்து ஒரு குரல் கேட்டது.

"நான் தட்டுறேன் போதுமா?"

எதிர் ஜன்னலைத் திறந்துகொண்டு ஒரு அம்மாள் நின்றிருந்தாள். எழுபது வயதிருக்கும். கறுப்புக் கம்பளிச் சட்டை, கையில் இரண்டு துணிக் கிளிப்புகள். கை நீட்டினால் எட்டிவிடும் தூரம்.

"எர்மெலிண்டா அக்கா" என்று அறிமுகப்படுத்தினான் டெல்மோ.

"ஒட்டுக் கேக்கலப்பா, காதுல விழுந்துச்சு. இங்க நீ தும்மினா எனக்குக் கேக்கும். குறட்டை விடுவியா?"

"விடுவேன் அக்கா" என்றார் அடெலினோ. அறுபத்து மூன்று வயதில் வெட்கம் வந்தது அவருக்கு.

"விடு. உசுரோட இருக்கேன்னு தெரிஞ்சுக்குவேன்."

அவர் விழுந்து விழுந்து சிரித்தார். இப்படிச் சிரித்து எத்தனை நாளாயிற்று என்று அவருக்கே தெரியாது.

யோவான் திருநாள் நெருங்கியிருந்தது; அதற்கு வாசனைப் பச்சிலைத் தொட்டி கொடுப்பது அந்த ஊர் வழக்கம். அவள் தன் ஜன்னலில் இருந்த சிறிய பச்சிலைத் தொட்டியை எடுத்து இந்தப் பக்கம் நீட்டினாள். அடெலினோ வாங்கியதும் ஆவலாக மூக்கருகே கொண்டுபோனார்.

"ஏய், மூக்க வெக்காத, செடி கருகிடும். பிரான்சுக்குப் போயி எல்லாத்தையும் மறந்துட்டியா? கையால தடவி, கைய மோந்து பாரு."

அவர் தடவினார். உள்ளங்கையை மோந்து பார்த்தார். ஏழு வயதில் இதே வசவை அம்மாவிடம் வாங்கியிருக்கிறார். கண் கலங்கிவிட்டது.

"காகிதத்த எடு தம்பி" என்றார் டெல்மோவிடம்.

ஒரு வருடத்துக்கான ஒப்பந்தம். நடுவில் காலி செய்தால் முன்பணம் திரும்பாது என்று பொடி எழுத்தில் போட்டிருந்தது. டெல்மோ நல்ல பையன், அதை விரல் வைத்துக் காட்டினான். அடெலினோ கண்ணாடியைக்கூட மாட்டாமல் கையெழுத்துப் போட்டார்.

மதியம் முழுக்க எதிர் ஜன்னல் கலகலவென்றிருந்தது. கீழே பெட்டியை உருட்டிக்கொண்டு போன வெளியூர்க்காரர்களை அவள் வம்புக்கு இழுத்தாள். அவர்கள் படம் எடுத்தார்கள். அடெலினோ சட்டைகளை அலமாரியில் அடுக்கிக்கொண்டே அதையெல்லாம் கேட்டார். ஜுடித்தின் படத்தை மேஜையில் வைத்து, "பாத்தியா, எப்படிப்பட்ட இடம் புடிச்சிருக்கேன்" என்றார்.

சாயங்காலம் கடைவீதிக்குப் போய் ஒரு எலுமிச்சை கேக் வாங்கினார். புது வீட்டுக்காரன் பக்கத்து வீட்டுக்கு வெறுங்கையோடு போகக்கூடாது. சந்துக்குள் நுழைந்தபோது தேவாலய மணி ஆறு அடித்தது.

கொடியில் துணி ஒன்றுமில்லை. எதிர்வீட்டுக் கதவைப் பூட்டிக்கொண்டிருந்தாள் எர்மெலிண்டா. தலையில் முக்காடு, தோளில் கைப்பை.

"உங்களுக்குத்தான் அக்கா" என்று கேக்கை நீட்டினார்.

அவள் வாங்கவில்லை. "எனக்கு பஸ் போயிடும்ப்பா."

"மக வீட்டுக்கா?"

காலையில் அத்தனை பேசியவள், கேக்கையும் அவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். பூட்டிய சாவியைக் கதவோரம் இருந்த சின்ன இரும்புப் பெட்டிக்குள் போட்டு, எண்களைத் திருகி மூடினாள்.

"சரி, போயிட்டு வாங்க" என்றார் அடெலினோ. "நாளைக்குக் காலையில என் ஜன்னலப் பாத்துக்குங்க. திறக்கலேன்னா தட்டுறேன்னு சொல்லியிருக்கீங்க, ஞாபகம் இருக்குல்ல?"

எர்மெலிண்டா தலையைக் குனிந்துகொண்டாள்.

"நாளைக்கு நான் வரமாட்டேன் தம்பி, ஞாயித்துக்கிழமை ஜன்னல்ல நிக்கிறதுக்குக் கம்பெனி கூலி குடுக்கிறதில்ல."