இரண்டு 'நிறுத்து'

தகடு அழுத்தும் பிரஸ் மெஷின் சகாயராஜின் வலதுகையை மணிக்கட்டோடு எடுத்துவிட்டது. நிறுத்தும் பட்டனை அவர் அழுத்தவே இல்லை என்று கம்பெனி சாதித்தது. அந்த மெஷினுக்கு மென்பொருள் எழுதிய திருமாறனுக்கு மனசு கேட்கவில்லை. தேடித் தேடிப் பிழையைப் பிடித்ததும் நேரே ஆஸ்பத்திரிக்கு ஓடினான்.

"அவர் அழுத்தியிருக்காரு," என்றான், கட்டிலருகே நின்ற அவர் மனைவி ஸ்டெல்லாவிடம். மென்பொருளில் 'நிறுத்து' என்ற பெயரில் இரண்டு கட்டளைகள் இருந்தன. ஒன்று மெஷினை நிறுத்தும். இன்னொன்று, மெஷின் ஓடுவதைக் காட்டும் விளக்கை மட்டும் அணைக்கும். அந்த இரண்டாவதை மென்பொருளின் ஒரு பகுதி தன் சொந்த வேலைக்கென்று உள்ளேயே வைத்திருந்தது. பகுதிகளை இணைக்கும் லிங்கர் என்ற புரோகிராம், அந்த உள்பெயரை எல்லாப் பகுதிகளுக்கும் தெரியும் பொதுப் பெயர்ப்பட்டியலில் கலந்திருக்கக் கூடாது. கலந்துவிட்டது. பட்டனை அழுத்தியதும் 'நிறுத்து' என்ற பெயரை மென்பொருள் தேடியபோது, முதலில் சிக்கியது அந்த விளக்குக் கட்டளைதான்.

"விளக்கு அணைஞ்சுது," என்றார் சகாயராஜ், கண்ணைத் திறக்காமல். "மெஷின் நின்னுடுச்சுன்னு நெனச்சுத்தான் கைய உள்ள விட்டேன்."

"ஒரே பேரை ரெண்டுக்கும் யாரு தம்பி வச்சது?" என்று கேட்டாள் ஸ்டெல்லா.



சகாயராஜ் மெல்லக் கண்ணைத் திறந்தார். "பக்கத்து மெஷின்லயும் இதே புரோகிராம்தானே தம்பி?"

"ஆமாண்ணே."

"இந்நேரம் அதுல ஞானசேகரன் நிப்பான்."

திருமாறன் அவசரமாக ஷெட்டுக்குப் போன் போட்டான். மணி அடித்துக்கொண்டே இருந்தது. யாரும் எடுக்கவில்லை.